ஓர் அணிக்கு மட்டும் ஒத்திகை: மாக் டிராஃப்ட் எழுதத் தொடங்குபவருக்கு

ஏப்ரல் பாதியைத் தாண்டியதும் அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு காய்ச்சல் காண்கிறது. ஆட்டம் எதுவும் நடக்காத மாதம் அது. ஆனாலும் தங்கள் அணி எந்தக் கல்லூரி வீரரை எடுக்கப்போகிறது என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தப் பட்டியலுக்குத்தான் மாக் டிராஃப்ட் என்று பெயர். நடக்கப்போகும் தேர்வுக்கு, அதாவது டிராஃப்டுக்கு, ரசிகர் தன் வீட்டில் வைத்துப் பார்க்கும் ஒத்திகை. நான் அதை ஒத்திகை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் 32 அணிகள். உயர்நிலைப் பள்ளியை விட்டு மூன்று ஆண்டுகளாவது ஆன வீரர்களை அவை முறைவைத்து எடுக்கின்றன. ஏழு சுற்றுகள், மூன்று நாட்கள்: வியாழக்கிழமை முதல் சுற்று, வெள்ளிக்கிழமை இரண்டாவதும் மூன்றாவதும், சனிக்கிழமை மீதி நான்கு. ஐபிஎல் ஏலத்தைப் போலப் பணத்தைக் காட்டி ஒருவரை இழுத்துக்கொள்ள முடியாது. உங்கள் முறை வரும்போது மிச்சம் இருப்பவர்களில் ஒருவரை எடுக்கலாம், அவ்வளவுதான். கடந்த பருவத்தில் ஆக மோசமாக ஆடிய அணி முதலில் எடுக்கும். இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி இடம். முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் நடந்தது. அதில் முதல் பெயராக அழைக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் என்எஃப்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. கணிப்பு பொய்ப்பது அன்றைக்கே தொடங்கிய வழக்கம்.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன்: டெட்ராய்ட் லயன்ஸ், 2023. அந்த ஆண்டு நான் எழுதிய ஒத்திகை நன்றாக மண்ணைக் கவ்வியது. எங்கே சறுக்கினேன் என்று பிற்பாடு பிரித்துப் பார்த்தபோதுதான் இதை எப்படி எழுத வேண்டும் என்பது எனக்குப் பிடிபட்டது.

முதலில் இடங்களை எண்ணுங்கள்

புதியவர்கள் நேராக வீரர்களின் பெயர்களுக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் உங்கள் அணி எந்தெந்த எண்ணில் எடுக்கப்போகிறது என்று எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அது எப்படி வந்தது என்று ஒரு வரி சேருங்கள். இந்த ஒரு வேலையிலேயே அணியின் மூன்றாண்டுக் கதை கைக்கு வந்துவிடும்.

2023இல் லயன்ஸ் கையில் முதல் 81 இடங்களுக்குள் ஐந்து இருந்தன: 6, 18, 48, 55, 81. இதில் 18, 48, 81 மூன்றும் சொந்த இடங்கள். 6 எங்கிருந்து வந்தது? அணிகள் வீரர்களையும் வரும் ஆண்டுகளின் இடங்களையும் தங்களுக்குள் பேரம் பேசி மாற்றிக்கொள்வதுண்டு. 2021இல் தங்கள் குவாட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) மேத்யூ ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்துவிட்டு, ஜாரெட் காஃபையும் இரண்டு முதல் சுற்று இடங்களையும் ஒரு மூன்றாம் சுற்று இடத்தையும் வாங்கினார்கள். ஸ்டாஃபோர்ட் அடுத்த பருவத்திலேயே ராம்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அதனால் 2022இல் கிடைத்தது சுற்றின் கடைசி இடம். ஆனால் அதற்கடுத்த பருவத்தில் ராம்ஸ் 5 வெற்றி, 12 தோல்வி என்று சரிந்தது. 6ஆம் எண் லயன்ஸ் மடியில் விழுந்தது. 55 எப்படி வந்தது? 2022 நவம்பரில் டைட் எண்ட் (எதிரிகளைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்) டி.ஜே. ஹாக்கன்சனை மின்னசோட்டா வைக்கிங்ஸுக்கு மாற்றிக்கொடுத்ததற்கு ஈடு. அதே பேரத்தில் லயன்ஸின் நான்காம் சுற்று இடம் வைக்கிங்ஸுக்குப் போனது. ஆகவே லயன்ஸுக்கு நான்காம் சுற்று கிடையாது. இதைக் கவனிக்காமல் நான்காம் சுற்றுக்கும் ஒரு பெயரை எழுதிவைத்த ஒத்திகைகளைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணும்போது இன்னொன்று. சுற்றுக்கு 32 இடம் என்று கண்ணை மூடிக்கொண்டு பெருக்காதீர்கள். மூன்றாம் சுற்று முதல் கடைசிச் சுற்று வரை, முந்தைய ஆண்டு வீரர்களை இழந்த அணிகளுக்கு ஈட்டு இடங்கள் தரப்படும். சில நேரம் தண்டனையாக இடம் பறிக்கவும் படும். 2023இல் மயாமி டால்ஃபின்ஸின் முதல் சுற்று இடம் பறிக்கப்பட்டிருந்ததால் அந்தச் சுற்றில் 31 பேர்தான்.

ஓட்டைகளைப் பட்டியலிடுங்கள், ஆனால் மார்ச் முடியட்டும்

அடுத்தது அணியின் தேவை. ஒரு தாளில் 22 தொடக்க ஆட்டக்காரர்களின் பெயரையும் எழுதி, ஒவ்வொருவர் பக்கத்திலும் வயதையும் ஒப்பந்தம் முடியும் ஆண்டையும் குறியுங்கள். இந்த ஆண்டு யார் இல்லை என்று பார்ப்பது போதாது. அடுத்த ஆண்டு யார் போவார்கள் என்றும் பாருங்கள். அணிகள் அப்படித்தான் யோசிக்கின்றன.

2022இல் லயன்ஸ் தடுப்பாட்டம் லீகிலேயே மிக அதிகமான யார்டுகள் எதிரணிகளை முன்னேற விட்டது. ஆகவே ஒத்திகை எழுதிய பலரும் பந்து வீச்சை மறிக்கும் கார்னர்பேக்கை எழுதினோம். இலினாய் பல்கலைக்கழகத்தின் டெவன் விதர்ஸ்பூன் என்று என் தாளில் 6ஆம் எண்ணுக்கு எதிரே இருந்தது. நான் அதை எழுதியது பிப்ரவரியில்.

தவறு அங்கேதான். மார்ச் நடுவில் ஒப்பந்தம் முடிந்த வீரர்களின் சந்தை திறக்கிறது. அந்தச் சந்தையில் லயன்ஸ் கேமரன் சட்டன், இமானுவேல் மோஸ்லி, சி.ஜே. கார்ட்னர்-ஜான்சன் என்று பின்வரிசைக்கு மூன்று பேரை வாங்கிப் போட்டது. ஏப்ரலில் தங்கள் கார்னர்பேக் ஜெஃப் ஒகூடாவை அட்லாண்டா ஃபால்கன்ஸுக்கு அனுப்பிவிட்டதும், "ஆகா, கார்னர்பேக் இடம் மறுபடி காலி" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பழைய பெயரைத் திருத்தாமல் விட்டேன். ஏற்கெனவே எழுதிவிட்ட பெயர் மேல் ஏற்படும் பாசம் இருக்கிறதே, அது பொல்லாதது. மார்ச் கடைசியில் புதிய தாள் எடுங்கள்; பழையதைக் கிழித்துப் போட்டால் இன்னும் நல்லது.

தேவையை எழுதும்போது ஆரவாரம் உள்ள ஓட்டையையும் ஆரவாரம் இல்லாத ஓட்டையையும் பிரித்து எழுதுங்கள். லயன்ஸுக்கு டைட் எண்ட் தேவை என்பது நவம்பரிலிருந்தே தெரிந்த விஷயம். ஹாக்கன்சன் போன பிறகு அந்த இடத்தில் பெரிய பெயர் யாரும் வரவில்லை. ஆனால் தொலைக்காட்சியில் அதைப் பற்றி யார் பேசினார்கள்?

யார் தேர்வு செய்கிறார் என்று பாருங்கள்

அணி என்று ஒரு ஆள் கிடையாது. முடிவெடுப்பவர் பொது மேலாளர்; அவரோடு தலைமைப் பயிற்சியாளர். லயன்ஸில் 2021 தொடக்கத்திலிருந்து பிராட் ஹோம்ஸும் டேன் கேம்பலும். இவர்களுடைய பழைய தேர்வுகளை எழுதி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உற்றுப் பார்த்தால் போதும். 2021இல் 7ஆம் இடத்தில் குவாட்டர்பேக்கைக் காக்கும் டேக்கிள் பெனே சூவல். 2022இல் 2ஆம் இடத்தில் எதிரணிக் குவாட்டர்பேக்கைத் துரத்தும் எட்ஜ் வீரர் ஏய்டன் ஹட்சின்சன். அதே இரவில் 32லிருந்து 12க்கு ஏறிப்போய், முழங்கால் காயத்திலிருந்து இன்னும் மீளாத வைட் ரிசீவர் (ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவர்) ஜேம்சன் வில்லியம்ஸ். இதிலிருந்து என்ன தெரிகிறது? தனக்குப் பிடித்தவர் மேல் கண் விழுந்துவிட்டால், ஊர் என்ன சொல்லும் என்று ஹோம்ஸ் பார்ப்பதில்லை. இந்த ஒரு குணத்தை என் ஒத்திகையில் சேர்த்திருந்தால் பாதித் தவறு குறைந்திருக்கும்.

உங்கள் சொந்த வரிசை

இப்போதுதான் வீரர்கள். ஐந்நூறு பேரையும் பார்க்க வேண்டாம். உங்களால் முடியாது, அது அணிகளின் தேர்வாளர்கள் ஆண்டு முழுவதும் செய்யும் வேலை. 60 பேர் போதும். அவர்களைத் தரவரிசையாக 1, 2, 3 என்று அடுக்குவதைவிட அடுக்குகளாகப் பிரிப்பது பயன் தரும். "முதல் பத்துக்குள் போகவேண்டியவர்", "முதல் சுற்று", "இரண்டாம் சுற்று", "சனிக்கிழமை வரை காத்திருப்பவர்" என்று நான்கு கட்டங்கள் வரைந்து பெயர்களைப் போடுங்கள். ஒரே கட்டத்தில் ஐந்து பேர் நிற்கிறார்கள் என்றால் அவசரப்பட்டு எடுக்கத் தேவையில்லை, பின்னால் நகரலாம். கட்டத்தில் ஒரே ஒருவர்தான் மிச்சம் என்றால் இப்போதே எடுக்க வேண்டும். பேரம் எப்போது நடக்கும் என்பதை இந்தக் கட்டங்கள்தான் உங்களுக்குச் சொல்லும்.

ஒவ்வொரு வீரருக்கும் மூன்று முழு ஆட்டங்களாவது பாருங்கள். சிறந்த நொடிகளை மட்டும் வெட்டி ஒட்டிய காணொளியில் எல்லா வீரரும் மாவீரர்தான். அவர் தோற்ற ஆட்டம் ஒன்றும், பலமான எதிரியோடு ஆடிய ஆட்டம் ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். இண்டியானாபொலிஸில் நடக்கும் உடல்திறன் சோதனை, அதுதான் கம்பைன், எண்களாக வந்து குவியும். 40 யார்டு ஓட்டத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த எண், நீங்கள் ஆட்டத்தில் பார்த்ததை உறுதிப்படுத்தினால் ஒரு டிக் போடுங்கள். முரண்பட்டால் ஆட்டத்தை மறுபடி பாருங்கள். எண்ணுக்காக வீரரை அடுக்கு மாற்றாதீர்கள்.

ஆடும் இடத்தின் விலையும் ஒரு கணக்கு. குவாட்டர்பேக், அவரைக் காக்கும் டேக்கிள், அவரைத் துரத்தும் எட்ஜ் வீரர், கார்னர்பேக், வைட் ரிசீவர்: இவர்களுக்குச் சந்தையில் கொள்ளைச் சம்பளம். ஆகவே குறைந்த சம்பளத்தில் நான்கு ஆண்டு கிடைக்கும் புது வீரராக இவர்களை எடுப்பது லாபம். ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), உள்வரிசை லைன்பேக்கர் (தடுப்பாட்டத்தின் நடுவில் நிற்பவர்), டைட் எண்ட், சேஃப்டி (தடுப்பாட்டத்தின் கடைசிக் காவல்) இவர்களுக்கு விலை குறைவு; அதனால் முதல் சுற்றில் எடுப்பது வீண் என்பது பொதுவான நம்பிக்கை. நம்பிக்கை என்றுதான் சொல்கிறேன். இதைச் சட்டமாக எடுத்துக்கொண்டதில்தான் 2023இல் என்னைப் போன்றவர்கள் மாட்டிக்கொண்டோம்.

முன்னால் நிற்பவர்கள்

உங்கள் அணி 6ஆம் இடத்தில் எடுக்கிறது என்றால் முதல் ஐந்து பேர் யார் என்று நீங்கள்தான் எழுத வேண்டும். இதற்கு 32 அணிகளையும் கரைத்துக் குடிக்க வேண்டாம். உங்களுக்கு முன்னால் நிற்கும் அணிகளில் குவாட்டர்பேக் இல்லாதவை எவை என்று மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு குவாட்டர்பேக் முன்னால் போகும்போதும் மற்ற நல்ல வீரர் ஒருவர் உங்களை நோக்கி ஓர் அடி நகர்ந்து வருகிறார். 2023இல் கரோலைனா பிரைஸ் யங்கையும், ஹூஸ்டன் சி.ஜே. ஸ்ட்ரவுடையும், இண்டியானாபொலிஸ் ஆண்டனி ரிச்சர்ட்சனையும் எடுத்தன. முதல் நான்கு இடங்களில் மூன்று குவாட்டர்பேக்குகள். நடுவில் 3ஆம் இடத்துக்கு ஏறிவந்து ஹூஸ்டனே வில் ஆண்டர்சனையும் கொண்டுபோனது. 5ஆம் இடத்தில் சியாட்டில் நின்றது. அது விதர்ஸ்பூனை எடுத்தபோது என் தாளில் முதல் வரி செத்தது.

அதனால்தான் சொல்கிறேன்: ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயர் எழுதாதீர்கள், மூன்று எழுதுங்கள். "இவர் இருந்தால் இவர், இல்லையென்றால் அவர், இருவரும் போய்விட்டால் பின்னால் நகர்வோம்." அணியின் அறையிலும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

பேரம்: ஆசைக்கு ஓர் அளவுகோல்

புதியவர்களின் ஒத்திகையில் பேரம் என்றால் பெரும்பாலும் கனவுதான். எதிரணிக்கு ஒரு மூன்றாம் சுற்று இடத்தைக் கொடுத்துவிட்டு முதல் சுற்று இடத்தை வாங்கிவிடுவார்கள். யார் கொடுப்பார்கள்? இதைத் தடுக்க ஒரு பழைய கருவி இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் டல்லாஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் பெயரில் புழக்கத்துக்கு வந்த மதிப்பெண் அட்டவணை. முதல் இடத்துக்கு 3000 புள்ளி. அங்கிருந்து இறங்கிக்கொண்டே போகும். இன்று அணிகள் தங்களுக்கென்று வேறு அட்டவணைகள் வைத்திருக்கின்றன. ஆனாலும் ரசிகருக்கு இந்தப் பழைய தராசு போதும்.

அன்றிரவு நடந்ததையே நிறுத்துப் பார்ப்போம். லயன்ஸ் 6ஆம் இடத்தையும் 81ஆம் இடத்தையும் அரிசோனா கார்டினல்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு 12, 34, 168 ஆகிய இடங்களை வாங்கியது. அட்டவணையில் 6க்கு 1600, 81க்கு 185: மொத்தம் 1785. எதிர்த்தட்டில் 12க்கு 1200, 34க்கு 560, 168க்கு இருபது சொச்சம். முள் ஏறக்குறைய நடுவில் நிற்கிறது.

மறுநாள் இன்னொன்று. 45ஆம் இடத்துக்கு ஏற, 48ஐயும் 159ஐயும் கிரீன் பே பேக்கர்ஸுக்குக் கொடுத்தார்கள். 45க்கு 450 புள்ளி, 48க்கு 420. இடைவெளியை அந்த ஐந்தாம் சுற்று இடம் நிரப்பியது. அந்த 159 எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒகூடாவை அட்லாண்டாவுக்கு அனுப்பியதற்குக் கிடைத்தது. 2020இல் ஒட்டுமொத்த 3ஆம் இடத்தில் எடுக்கப்பட்ட ஒருவர், மூன்றே ஆண்டில் மூன்று படி ஏறுவதற்கான சில்லறையாகிவிட்டார். லயன்ஸும் பேக்கர்ஸும் போல ஒரே பிரிவில் இருக்கும் பரம எதிரிகள் பேரம் பேச மாட்டார்கள் என்ற நினைப்பையும் இதோடு விட்டுவிடுங்கள்.

உங்கள் ஒத்திகையில் அதிகபட்சம் ஒரு பேரம் வையுங்கள். இரண்டு தட்டையும் கூட்டிப் பாருங்கள். எதிரணி ஏன் சம்மதிக்கும் என்று ஒரு வாக்கியம் எழுத வராவிட்டால் அந்தப் பேரத்தை அடித்துவிடுங்கள். அரிசோனாவுக்குக் காரணம் இருந்தது: அவர்களுக்கு டேக்கிள் பாரிஸ் ஜான்சன் வேண்டும், 12 வரை அவர் காத்திருக்க மாட்டார்.

எழுதும் முறை

முதல் முயற்சியில் ஓர் அணி, மூன்று சுற்று. அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு தேர்வுக்கும் நான்கைந்து வரி: எந்த ஓட்டை, ஏன் இவர், இவரிடம் என்ன குறை, இவரை விட்டால் யார். குறையை எழுதாத ஒத்திகையை நான் பாதியில் மூடிவிடுவேன், அது விளம்பரம். கணினியில் தேர்வு நடத்திக்காட்டும் செயலிகள் இருக்கின்றன, பத்து நிமிடத்தில் ஏழு சுற்றையும் முடித்துவிடலாம். பழகுவதற்கு நல்லவைதான். ஆனால் அவற்றில் மற்ற அணிகள் அந்தச் செயலியின் தரவரிசையை ஒட்டியே எடுக்கும். நல்ல வீரர்கள் தாமே வழுக்கி உங்கள் கைக்கு வருவார்கள். அந்தச் சுகத்துக்குப் பழகிவிட்டால் வியாழக்கிழமை இரவு வலிக்கும்.

சனிக்கிழமைச் சுற்றுகளுக்குப் பெயர் எழுதுவது குருட்டாம்போக்கு என்று அலட்சியம் செய்பவர்கள் உண்டு. பெயர் தவறும், உண்மைதான். ஆகவே அங்கே பெயருக்குப் பதில் வகையை எழுதுங்கள்: "பெரிய உடம்பு, சிறிய கல்லூரி, உள்வரிசைக் காவலர்" என்பது போல. அந்த நாளில் எடுக்கப்படும் கடைசி ஆளுக்குக் கேலியாக "மிஸ்டர் இர்ரெலவன்ட்" என்று பட்டம் உண்டு, பொருட்படுத்தத் தேவையில்லாதவர். 2022இல் அந்தப் பட்டம் 262ஆம் எண்ணில் பிராக் பர்டிக்குக் கிடைத்தது. 2024 ஜனவரியில் லயன்ஸ் சூப்பர் பௌலுக்கு ஓர் ஆட்டம் தூரத்தில் நின்றபோது, இடைவேளையில் 24-7 என்று முன்னணியில் இருந்த அவர்களை 34-31 என்று கவிழ்த்த சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் குவாட்டர்பேக் அவர்தான்.

முடிந்த பிறகு செய்வது

தாளில் தேதி போட்டு வைத்திருந்தீர்கள் அல்லவா? அதைத் திருத்தாமல் உண்மையான பட்டியலை எதிரே எழுதுங்கள். என் தாளும் அவர்கள் தாளும் இப்படி இருந்தன.

6ஆம் இடத்தில் நான் விதர்ஸ்பூன் என்று எழுதினேன். அவர்கள் 12க்கு நகர்ந்து அலபாமாவின் ரன்னிங் பேக் ஜாமிர் கிப்ஸை எடுத்தார்கள். 18இல் நான் எழுதியது தடுப்பு வரிசையின் நடுவில் ஆடும் கலைஜா கான்ஸி. அவர் அப்போது மிச்சம் இருந்தார். இருந்தும் விட்டுவிட்டு அயோவாவின் லைன்பேக்கர் ஜாக் கேம்பலை எடுத்தார்கள். கான்ஸியை அடுத்த இடத்திலேயே டாம்பா பே கொண்டுபோனது. 48இல் நான் ஒரு டைட் எண்ட் எழுதியிருந்தேன். அவர்கள் 34இலேயே சாம் லபோர்ட்டாவை எடுத்துவிட்டு, 45இல் சேஃப்டி பிரையன் பிராஞ்சை எடுத்தார்கள். ரன்னிங் பேக், லைன்பேக்கர், டைட் எண்ட், சேஃப்டி: விலை குறைந்தவர்கள் என்று நான் ஒதுக்கிய நால்வகையிலும் ஒவ்வொருவர், அதே வரிசையில்! அன்றிரவு விமர்சகர்கள் போட்டுத் தாக்கினார்கள். நானும் திட்டினேன். அந்தப் பருவத்தில் லயன்ஸ் 12 வெற்றி பெற்றது. லபோர்ட்டா 86 பந்துகளைப் பிடித்து, அறிமுகப் பருவ டைட் எண்டுக்கு அன்றைய சாதனையை வைத்தார். கிப்ஸ் ஓடியே பந்தை 10 முறை எல்லைக்குள் கொண்டுசேர்த்து டச்டௌன் எடுத்தார். எல்லாமும் பலித்துவிடவில்லை; மூன்றாம் சுற்றில் எடுத்த பிரோட்ரிக் மார்ட்டினைக் களத்தில் பார்த்ததே அரிது.

பெயர் சரியா என்று மட்டும் மதிப்பெண் போட்டால் எனக்குச் சுழியம். ஆகவே மூன்று கேள்விகளாகப் பிரித்துப் போடுங்கள். ஓட்டையைச் சரியாகக் கண்டேனா? அந்த வீரர் எந்தக் கட்டத்தில் போவார் என்பது சரியா? அணி ஏறுமா இறங்குமா என்பது சரியா? எனக்கு முதல் கேள்வியில் டைட் எண்டுக்கு ஒரு மதிப்பெண் விழுந்தது. இரண்டாவதில் விதர்ஸ்பூனுக்கும் கான்ஸிக்கும் விழுந்தது. மூன்றாவதில் எதுவும் தேறவில்லை. எங்கே கண் மங்கலாக இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது: லயன்ஸ் வீரர்களை ஓரளவு அறிந்திருந்தேன், ஹோம்ஸை அறியவே இல்லை. அடுத்த ஆண்டு டிராஃப்ட் டெட்ராய்ட் நகரத்திலேயே நடந்தது, மூன்று நாளில் ஏழே முக்கால் லட்சத்துக்கும் மேல் கூட்டம். அதற்கு முந்தைய மாதம் நான் முதலில் திறந்தது ஹோம்ஸின் பழைய தேர்வுகள் இருந்த தாளை. வீரர்களின் பெயர்கள் ஒரு வாரம் கழித்துத்தான்.